வேரை விளைவித்து எடுக்கும் உரம்

வேர் உட்பூசணம் என்பது பயிரின் வேருக்குள் குடியேறி, அதனுடன் கொடுக்கல் வாங்கல் நடத்தும் நுண்ணுயிர். உயிர் உரம் விற்கும் இடங்களில் இதற்கு 'வேம்' என்று பெயர். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டிய மண்ணில் இருப்பு தீர்ந்ததும் பயிருக்குத் தட்டுப்பாடு வரும். வேர்த்தூவியைவிட மெல்லிய பூசண இழைகள் அப்பால் உள்ள மணிச்சத்தை எடுத்துவருகின்றன. கைம்மாறாக, இலை சமைத்த சர்க்கரையும் கொழுப்பும் பூசணத்துக்குப் போகின்றன. நிலத் தாவரங்களில் 10-க்கு 7 வகை இந்த உறவில் வாழ்பவை.

அசோஸ்பைரில்லம் என்னும் உயிர் உர பாக்டீரியாவைப்போல் இதைக் கலனில் வளர்த்துப் பெருக்க முடியாது; உயிருள்ள வேர் வேண்டும். ஆகவே இதன் உற்பத்தியே ஒரு வெள்ளாமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் 1 மீட்டர் நீள அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட குழியில் கறுப்பு பாலிதீன் விரிக்கப்படும். 50 கிலோ வெர்மிகுலைட்டும், கிருமி நீக்கிய 5 கிலோ மண்ணும் கலந்து நிரப்பி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே 1 கிலோ தாய்வித்து பரப்பி, மக்காச்சோளம் ஊன்றுவார்கள். மணிச்சத்து உரம் கிள்ளித்தான் போடவேண்டும். தாராளமாகக் கிடைத்தால் வேர் பூசணத்தை நாடாது. 30, 45-ஆம் நாட்களில் வேரைப் பிடுங்கிச் சாயமேற்றி, பூசணம் ஏறியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 60-ஆம் நாள் தட்டையை நீக்கிவிட்டு, வேரை நறுக்கி அதே கலவையோடு சேர்ப்பார்கள். ஒரு குழிக்கு 55 கிலோ வேம் தேறும். சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குக் காணும்.

காவிரிப் படுகையில் இதன் பயன் நீரைப் பொறுத்தது. பூசணத்துக்குக் காற்று வேண்டும். சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டிய குறுவை, சம்பா வயலில் அது ஒடுங்கிவிடுகிறது. நீர் தேங்கிய மண்ணில் இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்தும் விடுபடுவதால், நெல்லுக்கு இதன் தேவையும் குறைகிறது. புழுதி விதைப்பிலும், மேட்டு நாற்றங்காலிலும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலிலும் வேரில் பூசணம் கூடுதலாக ஏறும்.

இடும் இடமும் முக்கியம். முளைவேர் கடந்து போகும்படி, விதைக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே வேம் இருக்கவேண்டும். சம்பா தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கும் உளுந்துக்கு அப்படி வைக்க வழியில்லை. மண்ணில் எஞ்சிய பூசணமே அதற்குத் துணை. திருவையாற்று வாழைக்கும் பட்டுக்கோட்டைத் தென்னங்கன்றுக்கும் நடவுக்குழியில் வேரைத் தொடும்படி வைக்கலாம். தழைத்த வேரில் பூசணம் தானே பரவுமாதலால், நடும்போது ஒருமுறை இட்டால் போதும்.