உத்திரமேரூரில் ஓர் இங்கிலீஷ் பாடம்

பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகும் சகோதரிகளே, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள உத்திரமேரூரை எட்டிப் பார்த்ததுண்டா? அடுத்த முறை போய் வாருங்கள். பள்ளிக்கூடம் போகும் குழந்தை வீட்டில் இருந்தால் கூடவே அழைத்துச் செல்லுங்கள். நான் என் தங்கை மகளை அழைத்துப் போனேன்.

ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இங்கிலீஷ் இலக்கண விதிகளைக் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் ஒரு நாள் வகுப்பில், "டிட் யூ வென்ட்?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இங்கிலீஷ் பேச வாயே திறப்பதில்லை.

வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தோம். சுவரெல்லாம் கல்வெட்டு.

"வாட் ஈஸ் திஸ்?" என்று மெதுவாகத் தொடங்கினேன்.

"திஸ் டெம்பிள்" என்றாள் முணுமுணுப்பாக.

அவள் மேல் தப்பில்லை. 'இது கோயில்' என்று தமிழில் இரண்டே வார்த்தையில் காரியம் முடிந்துவிடுகிறது. இங்கிலீஷுக்கோ நடுவில் ஓர் 'ஈஸ்' வேண்டும். சொன்னதும் திருத்திக்கொண்டாள்.

பிறகு குடவோலைக் கதையைச் சொன்னேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய விதிகள் இவை. ஊரில் 30 குடும்புகள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் எடுக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த நிலமும் வீடும் வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமே கிடையாது! பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

"டிட் தி பாய் டேக் தி லீஃப்?" என்று கேட்டேன்.

"யெஸ், ஹி... டுக் தி லீஃப்."

"பார்த்தாயா கண்ணு? கேள்வியில் 'டிட்' வந்ததுமே இறந்த காலம் வந்தாயிற்று. அதனால் 'டேக்' அப்படியே நிற்கிறது. பதிலில் 'டிட்' இல்லை, 'டேக்' தானே 'டுக்' ஆகிவிடுகிறது."

"அப்படியானால் அன்றைக்கு 'டிட் யூ கோ' என்று கேட்டிருக்க வேண்டும், இல்லையா பெரியம்மா?"

விதி அவளுக்குத் தெரியாததல்ல. வாயில் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் கேட்காமலே, "டிட் தே ரைட் விமன்ஸ் நேம்ஸ்?" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஓலைகள் வேதம் கற்ற ஆண்களுக்கானவை.

"நோ, தே டிட் நாட்" என்றேன்.

"நௌ?"

"நௌ தே டூ!" தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் வந்ததைச் சொன்னேன். 'டிட்' என்பதற்கும் 'டூ' என்பதற்கும் இடையே ஆயிரம் வருஷம்! இனி அதை மறப்பாளா?

அடுத்து சுந்தரவரதராஜப் பெருமாள் கோயில். மூன்று நிலைகளிலும் பெருமாள். கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். படியேறும்போதே, "ஹி ஈஸ் ஸ்டாண்டிங், ஹி ஈஸ் ஸிட்டிங், ஹி ஈஸ் லையிங் டவுன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று இடத்திலும் 'ஈஸ்' தவறவில்லை.

உத்திரமேரூர் போக முடியாவிட்டாலும் பாதகமில்லை. சாப்பாட்டு வேளையில், "டிட் யூ ஈட்?" என்று குழந்தையைக் கேளுங்கள். "ஐ ஈட்டட்" என்று பதில் வந்தால் மட்டும் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். "ஓ, யூ ஏட்?" என்று சரியான சொல்லைச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுங்கள். நாளைக்குத் தானே சரியாகச் சொல்வாள்.