கழுகுமலைக்கு நடந்த பாட்டு

தை பிறந்துவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்துச் சாலைகளில் பச்சை வேட்டிகள் தென்படத் தொடங்கும். திருச்செந்தூர் பாதயாத்திரை. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்தும் ஆட்கள் கிளம்புவார்கள். முன்னால் ஒரு குட்டியானை வண்டி போகும். அதில் மாலை போட்ட முருகன் படம், ஜெனரேட்டர், ஸ்பீக்கர். ஸ்பீக்கரில் பெரும்பாலும் சினிமா மெட்டில் கட்டிய பக்திப் பாட்டுதான். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் நேரத்தில் கூட்டத்தில் வயசாளி ஒருவர் வாயால் ஒன்றை எடுத்துக்கொடுப்பார். அதன் நடை வேறு. நிதானமாகத் தொடங்கும், திடீரென்று சொற்கள் நெருக்கியடித்து ஓடும், இரண்டு சின்னச் சொல்லில் டக்கென்று நிற்கும். கொப்புளம் கண்ட கால்களும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

காவடிச்சிந்து. கட்டியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சென்னிகுளம், சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிவலம்வந்தநல்லூரை ஒட்டிய ஊர். இளையரசனேந்தலும் நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர்தான். பாட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

அவரைப் புலவர் வரிசையில் வைத்தே எல்லோரும் பேசுகிறார்கள். இலக்கிய வரலாற்று நூல்களில் 'காவடிச்சிந்தின் தந்தை' என்று ஒரு வரி இருக்கும். அது போதாது. அவர் தாமே எழுதி, தாமே மெட்டுக் கட்டி, தாமே பாடிக்கொண்டு ரோட்டில் நடந்தவர். அமெரிக்காவில் உட்டி கத்ரி, பாப் டிலன், ஜான் ப்ரைன் என்று ஒரு பரம்பரையை மதித்துக் கொண்டாடுகிறார்களே, அந்தத் தொழில்தான் இவருடையதும். அவர்களுடைய வாழ்க்கையை வருடவாரியாக, ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவருக்கும் அப்படி ஒரு கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும்.

பிறந்தது 1860களில். முப்பது வயதைத் தொடவில்லை. 1890ஐ ஒட்டி முடிந்துபோன வாழ்க்கை. இதற்குள் திருவாவடுதுறை மடத்துக்குப் போய் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவையில் சேர்ந்தார்.

அன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஜமீனுக்குப் பஞ்சமில்லை. எட்டயபுரம், குருவிகுளம், இளையரசனேந்தல், சிவகிரி, சேற்றூர், தலைவன்கோட்டை, ஊற்றுமலை என்று மாட்டுவண்டி தூரத்துக்கு ஒரு அரண்மனை. பெரியது சிறியது வித்தியாசம் உண்டு. பாட்டுக்காரனுக்குத் திண்ணையும் சோறும் கிடைப்பதில் அவ்வளவு வித்தியாசம் இருந்திருக்காது. 1961 ஜனவரியில் டிலன் நியூயார்க் வந்து இறங்கியபோது கிரீன்விச் வில்லேஜில் காபிக் கடைக்குக் காபிக் கடை ஏறி இறங்கிப் பாடினார். நம்மூர்ப் பாட்டுக்காரனுக்கு அந்தக் காபிக் கடைகள் ஜமீன் அரண்மனைகள்தாம். எட்டயபுரம் அரண்மனை முத்துசாமி தீட்சிதருக்குக் கடைசிக் காலத்தில் இடம் கொடுத்தது. அவர் 1835இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். அதே ஊரில் 1882இல் பாரதி பிறந்தார்.

மருதப்பத் தேவர் சும்மா பணம் கொடுத்த புரவலர் இல்லை; தமிழ் படித்தவர், வித்துவான்களோடு பொழுது போக்குவதில் பிரியம் உள்ளவர். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த காலத்தில் உ.வே.சா. ஊற்றுமலைக்கு வந்து அவருடைய உபசாரத்தில் தங்கியிருக்கிறார். 'என் சரித்திர'த்தில் அதைப் பிரியமாக எழுதவும் செய்திருக்கிறார். அந்தத் தேவருக்குக் கழுகுமலை முருகனிடம் ஒரு நேர்த்திக்கடன். ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தே போவதாக முடிவாயிற்று. வழிநடைக்குப் பாட்டு வேண்டும். அண்ணாமலை ரெட்டியார் கூடவே நடந்து பாடினார். இப்படித்தான் காவடிச்சிந்து பிறந்தது என்று இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

இந்த ஒரு நடையை மெதுவாக நினைத்துப் பார்க்க வேண்டும். ஊற்றுமலை சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, கழுகுமலை கிழக்கே. இடையில் கிடப்பது கரிசலும் செவலும். பருத்திக்காடு, கம்பங்காடு, உடைமரம், எட்ட எட்ட ஒரு ஊருணி. தோளில் காவடி. வளைவில் மயிற்பீலி, இரண்டு பக்கமும் செம்பு. தோளில் பாரம் இருப்பதால் கை வீசி நடக்க முடியாது. உடம்பு பக்கவாட்டில் ஆடும், கால் குறுகக் குறுக விழும். அப்படி நடக்கிறவனுக்கு விருத்தம் பாடினால் கால் தடுமாறும். கீர்த்தனை பாடினால் கேட்க நின்றுவிடுவான். நடையை நிறுத்தாமலும் விரட்டாமலும் கூடவே வருகிற பாட்டு வேண்டும். ஏற்றத்தில் அது இழுத்துக்கொடுக்க வேண்டும், சமதளத்தில் ஓடவிட வேண்டும், நிழல் கண்ட இடத்தில் நின்று மூச்சுவிடவும் வேண்டும்.

அவர் கட்டிய அமைப்பைப் பார்த்தால் இந்தத் தேவை அத்தனையும் அதில் இருக்கிறது. முதலில் நிதானமாக இரண்டு துண்டு, இரண்டும் ஒரே ஓசையில் முடியும். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு தனிச்சொல் தொங்கும். பாடுகிறவன் அங்கே மூச்சு வாங்கலாம். பிறகு முடுகு: எழுத்து எழுத்தாகக் குறில்கள் நெருக்கி, மூச்சு விடாமல் ஒரு நீள ஓட்டம். ஓட்டத்தின் முடிவில் இரண்டே இரண்டு குட்டைச் சொற்கள், ஒன்றுக்கொன்று எதுகை போட்டு, கால் ஊன்றி நிற்கும். காகிதத்தில் பார்த்தால் யாப்பு. ரோட்டில் பாடினால் நடைக் கணக்கு. தமிழில் யாப்பு படித்தவர் எத்தனையோ பேர். ஒரு நடைக்காரனின் நுரையீரலை அளந்து யாப்புச் செய்தவர் என்று இவரைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அவர் வேறு நூல்களும் எழுதினார். சங்கரன்கோவிலுக்கு ஒரு திரிபந்தாதி. கரிவலம்வந்தநல்லூர் சாமிக்குக் கருவை மும்மணிக்கோவை. ஜமீன் இருந்த வீரகேரளம்புதூருக்கு வீரைத் தலபுராணம். புலவன் என்று பேர் வாங்க அந்தக் காலத்தில் எழுதியே ஆகவேண்டிய வகைகள் இவை. திரிபந்தாதி என்றால் ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்து வரும் எழுத்துகள் அப்படியே வந்து வேறு பொருள் தர வேண்டும், பெரிய வித்தை. அந்த வித்தை கைவந்ததால்தான் முடுகில் சொற்கள் அவருக்கு அவ்வளவு சுலபமாக வளைந்தன. ஆனால் திரிபந்தாதியைத் தேடிப் படிக்கிறவரை இன்று விரல்விட்டு எண்ணலாம். ஜமீன்தாரின் காலுக்காகக் கட்டிய பாட்டோ அந்த ஜமீன்தாரையும் ஜமீனையும் தாண்டி வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஜான் ப்ரைன் ஞாபகத்துக்கு வருகிறார். 1946இல் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் பிறந்தவர். வேலை, தபால்காரர். வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனசுக்குள் பாட்டுக் கட்டினார். ஒரே தெரு, ஒரே வீடுகள், ஒரே நடை. யோசிப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்கிற மாதிரி அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். 1970இல் சிகாகோவில் ஒரு சின்ன மதுக்கடை மேடையில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தற்செயலாக உள்ளே நுழைந்தார். பாடும் தபால்காரர் என்று பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருடம் முதல் இசைத்தட்டு வந்தது. பிற்பாடு பெரிய கம்பெனிகளை விட்டு வெளியே வந்து, சொந்தமாகவே ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வைத்துக்கொண்டார். கழுத்தில் புற்றுநோய் வந்து அறுவைக்குப் பிறகு குரல் கரகரத்துப்போயிற்று; அந்தக் குரலிலேயே இருபது வருடம் பாடினார். 2020 ஏப்ரலில் கொரோனாவில் போனார்.

அந்த முதல் தட்டிலேயே 'பாரடைஸ்' என்று ஒரு பாட்டு. கென்டக்கியில் அவருடைய பெற்றோரின் வட்டாரத்தில், கிரீன் ஆற்றங்கரையில் இருந்த சின்ன ஊரின் பெயர் அது. நிலக்கரிக்காக நிலத்தைத் தோண்டிப்போட்டார்கள். ஊரே இல்லாமல் போயிற்று. பாட்டில் ஊர்ப் பெயரும் ஆற்றின் பெயரும் நிலக்கரிக் கம்பெனியின் பெயரும் அப்படியே இருக்கின்றன. தான் செத்தால் சாம்பலை அந்த ஆற்றில் விடச் சொல்லியும் அதில் பாடியிருக்கிறார். குடும்பத்தார் அவருடைய சாம்பலில் ஒரு பங்கை அங்கேயே கொண்டுபோய்க் கரைத்தார்கள்.

அண்ணாமலை ரெட்டியாரும் முதல் பாட்டிலேயே ஊர்ப் பெயரை வைத்துவிடுகிறார். நான் சென்னிகுளத்துக்காரன், என் பேர் அண்ணாமலை, என் கவியைத் தோளில் சூடியிருப்பவன் முருகன் என்று அறிமுகம் செய்துகொண்டே உள்ளே நுழைகிறார். அப்புறம் கழுகுமலை வருகிறது, கோயில் வருகிறது, வள்ளி வருகிறாள், விரகத்தில் தவிக்கும் தலைவி வருகிறாள், தோழி வருகிறாள். சாமிக்குப் போகிற வழியில் இத்தனை காதல் பேச்சு. வெயிலில் நடக்கிறவர்களுக்கு அது வேண்டியிருந்திருக்கும்.

அவர் குரல் எப்படி இருந்தது? எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877இல். இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியது 1902இல். அண்ணாமலை ரெட்டியார் பாடிய காலம் இரண்டுக்கும் நடுவில் வந்து போய்விட்டது. உட்டி கத்ரிக்கு 1940இல் ஆலன் லோமாக்ஸ் கிடைத்தார். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்துக்காக உட்கார வைத்துப் பேசவிட்டு, பாடவிட்டு, பதிந்துவைத்தார். நம்மவருக்குக் கிடைத்தவை அச்சும் மனிதர்களின் வாயும். அச்சு நன்றாகவே கிடைத்தது. இடைசெவல் கு.அழகிரிசாமி, சங்கீதப் பித்துப் பிடித்த கரிசல்காரர், காவடிச்சிந்துக்குப் பதிப்புப் போட்டார். இந்த மண்ணிலிருந்து வந்த நல்ல எழுத்துக்காரர் ஒருவர் இந்த மண்ணின் பாட்டுக்காரருக்குச் செய்த மரியாதை அது. அவருடைய கூட்டாளி கி.ராஜநாராயணன், விளாத்திகுளம் சுவாமிகளிடம் சங்கீதம் கேட்டுத் திரிந்தவர். கோவில்பட்டியைச் சுற்றி எழுத்தும் பாட்டும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தன.

மெட்டு மட்டும் ஏட்டில் தங்காது. அது காவடிக்காரர்களின் வாயில் தங்கியது. ஸ்பெஷல் நாடக மேடை எடுத்துக்கொண்டது. பாரதி அந்த மெட்டில் தாமும் எழுதினார். கச்சேரி மேடை செஞ்சுருட்டியும் ஆனந்தபைரவியும் போட்டு மெருகேற்றி, கடைசியில் துக்கடாவாகப் பாடுகிறது. கச்சேரியில் கேட்கவும் இனிமைதான். ஆனால் உட்கார்ந்து பாடும்போது முடுகு வெறும் நாக்குச் சாமர்த்தியமாகத் தெரியும். நடந்து பாடினால்தான் அது எதற்கு அங்கே இருக்கிறது என்று விளங்கும்.

குட்டியானை ஸ்பீக்கரில் கேட்கும் சினிமா மெட்டு பக்திப் பாட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த மெட்டில் புதுச் சொல் வைப்பது பாட்டுக்காரர்களின் பழைய உரிமை. கத்ரி 1940இல் எழுதிய, அமெரிக்கா முழுக்கத் தெரிந்த 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டின் மெட்டு கார்ட்டர் குடும்பத்தார் பாடிய பழைய பக்திப் பாட்டிலிருந்து வந்தது. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜனும் தெரிந்த மெட்டுகளில் கட்சிப் பாட்டு வைத்தவர்தான். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளருக்காகத் தேயிலைத் தோட்டங்களில் அவர் பாடிய பாட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவருடைய தம்பி இளையராஜா மேடை கண்டதும் அண்ணன் கூடப் போய்த்தான். ரோட்டில் பாடுகிறவனுக்குக் கூட்டம் உடனே சேர்ந்து பாட வேண்டும்; அதற்குத் தெரிந்த மெட்டு உதவும். அண்ணாமலை ரெட்டியாரும் காவடிக்காரர்களிடம் முன்பே இருந்த நடையைத்தான் எடுத்துச் செதுக்கினார்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினோராம் வகுப்புத் தமிழில் காவடிச்சிந்து இருக்கிறது. சந்தோஷம். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளும் சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள். மெட்டு பாடநூலில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் கழுகுமலை இளையரசனேந்தலுக்குப் பக்கம். வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் காட்டப் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்கள், ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வண்டியை நிறுத்தி, பாடத் தெரிந்த ஒரு காவடிக்காரரையும் கூட்டிக்கொண்டு கோயில் வரைக்கும் நடத்திவிடலாம். யாராவது ஒரு பிள்ளை அதை போனில் பதிந்துவைத்தால் இன்னும் நல்லது. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.