சுவர் முதலில், தூண் பிறகு

பிள்ளையைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வரும் அப்பாக்கள் முதலில் எட்டிப் பார்ப்பது மெஸ்ஸை. சாம்பாரில் பருப்பு உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா. அம்மாக்கள் குளியலறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார்கள். இன்னொரு மாடிப்படி எங்கே, அதன் கதவு இரவில் பூட்டப்படுமா என்று கேட்பவர்கள் அபூர்வம். கட்டடம் நிற்குமா என்று கேட்பதோ அபசகுனம்.

குஜராத் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது 2001 ஜனவரி 26 அன்று. குடியரசு தினக் காலை, மணி 8.46. கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்து ஏறத்தாழ 13,800 பேர் மாண்டார்கள். அஞ்சார் நகரில் ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் மீது குறுகலான தெருவின் கட்டடங்கள் சரிந்தன. அதிர்வு மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பல பழைய ஓட்டு வீடுகள் அல்ல. கார் நிறுத்துவதற்காகத் தரைத் தளத்தைச் சுவரே இல்லாமல் விட்டு, தூண்கள் மேல் மாடிகளை அடுக்கிய நவீனக் கட்டடங்கள்.

ஏழு வருடம் கழித்து, 2008இல், காந்திநகர் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. 2009 முதல் 2022 வரை அதன் இயக்குநராக இருந்த சுதிர் ஜெயின் நிலநடுக்கப் பொறியியல் நிபுணர். சபர்மதிக் கரையில் பாலஜ் கிராமத்தில் சொந்த வளாகம் எழும்பியபோது, பாடத்தில் சொல்வதைக் கட்டிக் காட்டும் வாய்ப்பு வந்தது. பேராசிரியர்கள் பலருக்கு வாய்க்காத அதிர்ஷ்டம் இது.

வழக்கமாக முதலில் கான்கிரீட் தூணும் உத்தரமும் எழும்பும். பிறகு இடையைச் செங்கல்லால் அடைப்பார்கள். அந்தச் சுவர் வெறும் திரை. நிலம் குலுங்கினால் தூண் ஒரு பக்கம் போக, சுவர் தனியே பிதுங்கி விழும். பாலஜில் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் சுவர், அதன் ஓரத்தில் செங்கற்கள் பல் வரிசைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் கம்பி கட்டி கான்கிரீட் வார்த்தால் சுவரும் தூணும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாரத்தைத் தாங்குவது சுவர்தான். தூண் மெலிந்தாலும் போதும் என்பதால் கம்பியும் சிமென்ட்டும் மிச்சம். பூமிக்கும் பணப்பைக்கும் நல்லது. 'கன்ஃபைன்டு மேசன்ரி' என்ற இந்த முறை மெக்சிகோ, சிலி, பெரு நாடுகளில் பல நிலநடுக்கங்களைப் பார்த்துவிட்டது. இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் கட்டியது காந்திநகரில்தான்: முதல் கட்டத்தில் ஆறு விடுதிகள், 30 குடியிருப்புக் கட்டடங்கள்.

சிக்கல் கணக்கில் இல்லை, கையில். தூணை முதலில் எழுப்பியே பழகிய கொத்தனாருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் முடித்த பிறகு உளியும் சுத்தியலுமாக வரும் எலக்ட்ரீஷியனைத் தடுக்க வேண்டும். பாரம் தாங்கும் சுவரைக் கண்ட இடத்தில் கொத்த முடியாது. குழாய் எங்கே, ஒயர் எங்கே என்பது காகிதத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள்கூட வாஷ்பேசின் இடத்தை மாற்றும் நாட்டில், நிலநடுக்கத்தைத் தாங்குவதைவிட இது கடினம்.

ஆனால் எந்தச் சுவரும் பூட்டிய கதவுக்குப் பதில் சொல்லாது. 2019 மே 24 அன்று சூரத்தில் வணிக வளாகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, மேல்தளப் பயிற்சி வகுப்புக்குப் போகும் மரப்படி எரிந்துபோனது. சிலர் மாடியிலிருந்து குதித்தார்கள். 22 இளம் உயிர்கள் போயின. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், பொருள் வைக்கவும் வண்டி நிறுத்தவும் அனுமதி பெற்ற நிலவறை நூலகமாக இயங்கிவந்தது. மழை வெள்ளம் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். இவை கல்லூரிகள் அல்ல, பயிற்சி மையங்கள்தானே என்று நிர்வாகங்கள் ஆறுதல் கொள்ளலாம். படிக்கப் போனது அதே பிள்ளைகள்.

மாணவர் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எளிதில் ஏற முடியாத மதில், முள்கம்பி, கேமரா எல்லாம் அதில் உண்டு. அவசரகால ஒத்திகையும் உண்டு. மதிலும் கேமராவும் நிர்வாகங்களுக்கு உடனே புரிந்துவிடுகின்றன, டெண்டர் விடலாம். ஒத்திகைக்கு டெண்டர் கிடையாது. நடந்தாலும் பகல் 11 மணிக்கு, சொல்லி வைத்து, புகைப்படக்காரர் சகிதம் நடக்கும்.

ஆபத்து பெரும்பாலும் தூக்கத்தில்தான் பிடிக்கும். புது மாணவர்கள் வந்த முதல் வாரத்திலேயே, இரவு 11 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு மணி அடித்துப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கும் பையனை யார் தூக்கிவருவது, படிக்கட்டடியில் குவிந்த சைக்கிள்களை யார் நகர்த்துவது, காவலாளியின் கொத்தில் உள்ள இருபது சாவிகளில் பின்கதவுக்கானது எது என்பதெல்லாம் அன்று தெரியவரும்.