கோடியக்கரையில் ஒரு பங்குனிக் காலை

நம் பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. கரையோரப் பறவைகள் அதுவரை காத்திருப்பதில்லை. பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கியதும் வடதிசைப் பயணத்திற்கு ஆயத்தமாகிவிடுகின்றன. அவற்றை வழியனுப்பி வரலாமென்று, சென்ற பங்குனியின் முதற் சனிக்கிழமை இரு குடும்பத்தார் கோடியக்கரைக்குப் புறப்பட்டோம். எம் வீட்டார் நால்வர். நாகையில் விலங்கியல் ஆசிரியராயிருக்கும் நண்பரும் அவர் மனைவி மக்களும் நால்வர். என் மாமனாரும் உடன் வந்தார். அவர் வேதாரண்யத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு ஐம்பதாண்டுகளுக்கு மேலாகின்றது. "பறவை பார்க்க ஒரு பயணமா?" என்று முதலில் நகைத்தவர், என்ன நினைத்தாரோ, வேனில் முதல் ஆளாய் ஏறி அமர்ந்துவிட்டார்.

முன்னிரவு வேளாங்கண்ணியில் தங்கினோம். அங்கிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருத்தலத்திற்கு வருவோருட் பலர் அவ்விடத்தோடு திரும்பிவிடுகின்றனர். தெற்கே இப்படியோர் உலகம் விரிந்து கிடப்பதை அறியார். இருள் பிரியுமுன் வேதாரண்யத்தைக் கடந்தோம். 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி உப்பள்ளிய அகத்தியம்பள்ளிக்கு அப்பால், சாலையோரமெங்கும் உப்புப் பாத்திகள் விடியலொளியில் கண்ணாடிகளாய்த் தெரிந்தன.

கோடியக்கரைக் காடு 1967-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் சாய்த்த மரங்களின் வடு இன்னும் முற்றும் ஆறவில்லை. வெளிமான்கள் சில தலை தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேயலாயின. பிள்ளைகளுக்கு அங்கிருந்து நகர மனமில்லை. ஆயினும் வெயில் ஏறினால் கானல் எழுந்து கண்ணை ஏமாற்றும் என்று ஆசிரியர் அவசரப்படுத்தவே, சேற்றுவெளிக்கு விரைந்தோம்.

அங்கே கண்ட காட்சியை என்னென்பது! தொலைவில் சில நூறு பூநாரைகள், அலகைத் தலைகீழாய்க் கவிழ்த்து நீரை வடிகட்டிக்கொண்டு நின்றன. கட்ச் சதுப்பில் கூடு கட்டும் இனம் அது. எல்லாரும் அவற்றையே பார்த்திருக்க, ஆசிரியரோ எங்கள் காலடிக்கு அருகே சேற்றைக் கொத்திக்கொண்டிருந்த சிறு பறவைகளைச் சுட்டினார். கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பவளக்காலி. கொசு உள்ளான் சிட்டுக்குருவியளவே இருக்கும். எடை இருபத்தைந்து கிராமுக்குச் சற்று முன்பின். அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில். வளைமூக்கு உள்ளானுக்குத் தாயகம் சைபீரியா. சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் படரத் தொடங்கியிருந்தது. அதுவே அவற்றின் மணக்கோலமாம்.

பல்லாயிரம் கிலோமீட்டர் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை இச்சேற்றிலிருந்துதான் சேர்த்தாக வேண்டும். இவ்வினங்களிற் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன என்றார் ஆசிரியர். நன்னீர் வரத்துக் குறைந்து உவர்ப்பு மிகுந்தால் புழுக்கள் அருகிவிடும் என்பதே அவர் கவலை. நான் அரைச் செவியோடுதான் கேட்டேன். பறக்கும்போது படமெடுக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு. என் மகனைக் கண்ணாற் சாடை காட்டினேன். அவனும் நண்பரின் பிள்ளைகளும் கூவிக்கொண்டே ஓடினார்கள்.

கூட்டம் முழுதும் ஒரே வீச்சில் எழுந்தது. திரும்புகையில் வெண்மையாயும் மறு திருப்பத்தில் கருமையாயும் மின்னிற்று. நாங்கள் கைதட்டி ஆரவாரித்தோம்.

"ஓட்டாதீங்கடா! இரை எடுக்கிற நேரம்!"

மாமனார் அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டனர். அவர் கையை நீட்டி, "அந்த மேட்டுத் திட்டைப் பாருங்க. அங்கேதான் இறங்கும்" என்றார். கூட்டம் இருமுறை சுழன்று, அவர் காட்டிய திட்டிலேயே இறங்கிற்று.

ஆசிரியர் வியந்துபோனார். "எப்படித் தெரிந்தது ஐயா?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "சின்ன வயசில் இதுதான் எங்களுக்கு வேலை. திட்டில் கண்ணி வைத்துவிட்டு இந்தப் பக்கமிருந்து ஓட்டுவோம். ஜோடி எட்டணா. வீட்டில் ஆறு பேர். உப்பளத்தில் வேலையில்லாத மாதங்களில் அடுப்பெரிந்தது அதனால்தான்."

"எத்தனை பிடிச்சீங்க தாத்தா?" என்றான் என் மகன். குழந்தைகளுக்கு எது கேட்கலாம், எது கூடாது என்பது தெரிவதில்லை. "எண்ணினதில்லை, தம்பி" என்றார்.

நான் படக்கருவியைப் பைக்குள் வைத்துவிட்டேன். பசிக்காக ஓட்டியவர் அவர். நான் எதற்காக ஓட்டச் சொன்னேன்? என் மனைவி பார்த்த பார்வையில் இக்கேள்வி இருந்தது.

அதன்பின் வரப்போரம் அசையாது அமர்ந்தோம். அரைமணியில் உள்ளான்கள் தாமாகவே திரும்பி வந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டுப் பறக்க விட்டு வருவதை ஆசிரியர் சொன்னார். அவர்களும் வலை விரிப்பவர்களே என்றதும் மாமனார் நிமிர்ந்தார். "பிடித்துவிட்டு விட்டுவிடுவார்களா?" என்று இருமுறை கேட்டார். பிறகு தொலைநோக்கியை வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணியளவில் கானல் எழுந்தது. மர நிழலில் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அவரை இருமுறை அழைத்தாயிற்று.

"இருங்கள்; ஒன்றின் காலில் ஏதோ பளபளக்கிறது" என்றார். நாங்கள் உண்டு கைகழுவிய பின்னும் அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை.