நரம்பின் குற்றம்

எங்க அப்பாவுக்கு வரவேண்டிய கூலி ஒன்னு இன்னும் பாக்கி இருக்கு. நூத்தியம்பது ரூபாயும் ரெண்டு மரக்கா நெல்லும். அதைக் கொடுக்காமல் போனதற்கு மேலத்தெருக்காரர்கள் சொன்ன காரணம் ஒரே வார்த்தை: தீட்டு. அந்த வார்த்தை பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஏன் பொய் என்று எடுத்துச் சொல்லத்தான் இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

இலஞ்சியில் எங்க தெரு ஊருக்குக் கீழே, வயக்காட்டை ஒட்டி இருக்கிறது. நாங்க அருந்ததியர். தாத்தா காலத்தில் கமலைக்குத் தோல்வால் தைத்தார்கள். பம்புசெட்டு வந்ததும் அந்த வேலை போச்சு. அப்பா காலத்தில் மிச்சம் இருந்தது செருப்பு தைக்கிறதும், பறைக்குத் தோல் கட்டுறதும், வில்லுக்கு நாண் முறுக்குறதும்தான்.

தெக்கத்தி ஆட்களுக்கு வில்லுப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான வில்லு. அதில் வரிசையாக மணிகள். வில்லின் முதுகைக் குடத்தின் மேல் வைத்துக் கட்டி, நாணை வீசுகோலால் அடித்துப் புலவர் பாடுவார். கூட உடுக்கு, தாளம், கட்டை. மணிச்சத்தம்தான் எல்லார் காதிலும் விழும். ஆனால் அடியில் ‘தும்ம்…’ என்று ஒரு முழக்கம் ஓடிக்கிட்டே இருக்கும் பாருங்க, அது நாணோட சத்தம். அது தோல். மாட்டுத்தோல்.

அப்பா அதைச் செய்யுறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறப்போட்டு, மயிரை வழித்து, சவ்வைச் சுரண்டி, திரும்பத் திரும்ப அலசுவார். அப்புறம் வட்டமாக வெட்டி, வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுத்திச் சுத்தி அறுத்துக்கொண்டே வருவார். ஒட்டே இல்லாமல் நீளமாக ஒரே வார் கிடைக்கும். ஈரத்தோடு அதை முறுக்கி, கீழே அம்மிக்குழவியைக் கட்டி நிழலில் தொங்கவிடுவார். வெயிலில் போட்டால் வெடிச்சிரும். காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு விரலால் தலையிலிருந்து கால் வரைக்கும் தடவிப் பார்ப்பார். ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெலிவு என்று தட்டுப்பட்டால் அதை வில்லுக்குத் தரமாட்டார். “இது பேசாதுலே. கொண்டுபோய் கன்னுக்குட்டியக் கட்டு” என்பார்.

நான் எட்டாப்புப் படிக்கும்போது, ஆடிக் கொடைக்கு மேலத்தெருக் கோயிலுக்கு நாண் கேட்டு வந்தார்கள். கொடுத்தார். கூலி கொடை முடிஞ்சு தருவதாகப் பேச்சு. ஆடி மாசம் எங்க பக்கம் எப்படி இருக்கும் என்று குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களுக்குத் தெரியும். மலையைத் தாண்டி வருகிற தென்மேற்குக் காத்தில் சாரல் நிக்காமல் விழும். துணி காயாது. தீக்குச்சி பத்தாது. உப்புச்சாடியில் உப்பு தண்ணி விட்டுக் கிடக்கும்.

கொடை ராத்திரி நாங்க கோயிலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டோம். எங்க இடம் அதுதான். அன்றைக்குப் பாடினது முத்துப்பட்டன் கதை. பாதிச் சாமத்துக்கு மேல் முழக்கம் இறங்க ஆரம்பித்தது. ‘தும்ம்’ என்றது ‘டொப்’ என்றாகி, கடைசியில் கட்டையில் அடிக்கிற மாதிரி ஆகிப்போச்சு. மணி மட்டும் கலகலவென்று தனியாகக் கேட்டது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “தண்ணி குடிச்சிருச்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனான். திண்ணையில் நாலு பேர். “ஏலே, என்ன தீட்டோட முறுக்குன? சாமி சத்தத்த நிறுத்திப்போட்டுல்லா?” அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: “சாமி, சாரல் ஈரம் ஏறியிருக்கு. ராத்திரியெல்லாம் வில்லு தெறந்த வெளியில கெடந்துச்சு. எண்ணெக்கையும் வேர்வையும் பட்டுருக்கு. அவுத்துக் குடுங்க, காயப்போட்டுத் திரும்பக் கட்டித் தாரேன்.” பதில் சொன்னதே குத்தமாகப் போச்சு. கூலி கிடையாது என்றார்கள். கோயிலைக் கழுவுற செலவையும் அவர் தலையில் போட்டார்கள். என்னுடைய பள்ளிக்கூட பீசுக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போனது. அதற்குப் பிறகு அப்பா நாண் முறுக்கவில்லை.

பல வருசம் கழித்து, தமிழ் எம்.ஏ. முடித்து, இயக்க வேலையாகச் சென்னையில் அலைந்த நாளில் ஒரு தோழர் அறையில் தங்கினேன். பாளையங்கோட்டைக்காரர், நம்ம ஆள். சர்ச் இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசிக்கிறவர். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்ட மாதிரி இருக்கும் அந்த வாத்தியம். நாலு நரம்பு. ஆகத் தடித்த நரம்பு நொடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிரும். அதைத் தேய்த்து வாசிக்கிற கோலுக்கும் வில் என்றுதான் பேர். அவர் அந்தத் தடித்த நரம்பை இழுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்ட அதே முழக்கம்.

வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் நரம்பு ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே துடைத்தார். எதுக்கு என்று கேட்டேன். “இல்லைன்னா சத்தம் செத்துரும் தோழர்” என்றார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவரிடம் பாடம் கேட்டேன்.

ஒரு நரம்பின் சுருதியை முடிவு செய்வது மூணு சங்கதி: அதன் நீளம், அதன் இழுப்பு, ஒரு சாண் நரம்புக்கு எவ்வளவு எடை என்கிற கணக்கு. சுருதி ரெண்டு மடங்கு ஏறணும் என்றால் இழுப்பை நாலு மடங்கு ஏத்தணும். நரம்பை மீட்டினால் ஒரே ஒரு சத்தம் வருவதில்லை. அடிச்சத்தத்தோடு அதைப்போல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்கு அதிர்கிற மேல்சத்தங்களும் சேர்ந்து வரும். அதுகள்தான் சத்தத்துக்கு ஒளி. நரம்பு நெடுக ஒரே கனமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். விரல் வேர்வை, எண்ணெய்ப்பிசுக்கு, தூசி, வில்லில் பூசுகிற பிசின் தூள் எல்லாம் நரம்பில் ஒட்டும், ஆனால் ஒரே சீராக ஒட்டாது. அங்கங்கே கனம் கூடும், மேல்சத்தங்கள் ஒன்றோடொன்று கோணிக்கொள்ளும். அழுக்கும் ஈரமும் அதிர்வை உள்ளேயே தின்னும். முதலில் சாவது மேல்சத்தங்கள். மிஞ்சுவது ‘டொப்’.

இன்னும் இருக்கிறது. எந்நேரமும் இழுவையில் கிடக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு துவளும். குதிரை மேல் ஏறி வளைகிற இடத்திலும் விரல் அமுக்குகிற இடத்திலும் தேயும். இப்போதைய நரம்பில் பெரும்பாலும் உள்ளே எஃகு, மேலே உலோகச் சுருள். வேர்வை உப்பு அதை அரிக்கும், அழுக்கு சுருளுக்குள்ளே போய் அடையும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் டபுள் பேஸில் ஆட்டுக்குடல் நரம்புதான் சாதாரணம். இன்றைக்கும் குடல் நரம்பு கட்டுகிறவர்கள் உண்டு. அது காத்தின் ஈரத்தைக் குடித்து ஊதும், இளகும், பிசிர் விடும். காய்ந்தால் இறுகும். தோல் நாணும் அதே சாதி. இந்த ஒரு இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்ளலாம்.

தோழர் இதெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது நான் படித்த பாடம் ஞாபகத்துக்கு வந்தது. யாழ் நரம்புக்குக் குற்றம் நாலு என்று நம்ம பழைய இசை நூலார் வகுத்து வைத்திருக்கிறார்கள். புரி கோணலாக ஏறினால் கொடும்புரி. மயிர் சரியாக வழிக்கப்படாமல் உள்ளே மாட்டியிருந்தால் மயிர். நார் பிரிந்து நின்றால் தும்பு. அளவுக்கு மீறித் திருகினால் முறுக்கு. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு போட்டியிட வந்த சீவகன் கொடுத்த வீணையை வாங்கி நரம்பைப் பிரித்து மயிரை எடுத்துக் காட்டுகிறான். எம்.ஏ. வகுப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினது இது. அப்பா ரெண்டு விரலால் தேடினது இந்த நாலைத்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத எங்க அப்பா விரலில் சிந்தாமணி இருந்திருக்கிறது. நாலு குற்றமும் பொருளைச் சேர்ந்தது, வேலையைச் சேர்ந்தது. முறுக்கினவன் எந்தத் தெரு என்கிற அஞ்சாவது குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்த்தது யார்?

அன்றைக்குப் பாடின கதையையும் நினைத்துப் பாருங்கள். முத்துப்பட்டன் பிராமணன். சக்கிலியரான வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றவன். பாபநாசம் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்குச் சனங்கள் இன்றைக்கும் தோல் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். சில ஏடுகளில் அந்தப் பெண்கள் பிராமணருக்குப் பிறந்து சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். கதையிலும் அவர்களால் ஒட்டுப் போடாமல் இருக்க முடியவில்லை. செருப்புத் தைச்ச சாமியைப் பாடிக்கொண்டே, செருப்புத் தைக்கிறவன் கைபட்ட நாண் தீட்டு என்றார்கள்.

இது இலஞ்சிக் கதை மட்டும் இல்லை. மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவர்களைப் பற்றி 2020-ல் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை கலாசேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. சபைக்குள்ளே தோல் போகலாம். அது தோல் என்கிற பேச்சு போகக்கூடாது.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீளம், இழுப்பு, கனம், வேர்வை, ஈரம், மேல்சத்தம். பொறுமையாகக் கேட்டார். வெத்தலையை ஒதுக்கிக்கொண்டு, “இதக் கேக்கவா மெட்ராஸ் வரைக்கும் போன? அன்னைக்குத் திண்ணையில இதத்தானலே நானும் சொன்னேன்” என்றார்.

ஆமாம். அவர் சொன்னார். அவர் சொன்னது அறிவு என்று அந்தத் திண்ணைக்குப் படவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நூத்தியம்பது ரூபாய், ரெண்டு மரக்கா நெல்லு. அது கிடக்கட்டும். கோயிலைக் கழுவ வாங்கினதையும் அந்த வார்த்தையையும் திரும்ப வாங்கணும்.