தலையெழுத்து

தலையெழுத்தை நம்பக்கூடாது என்பதை எனக்கு ஒரு பழைய கிதார்தான் சொல்லிக் கொடுத்தது.

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, காலஞ்சென்ற கணவரின் கிதாரைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். விற்றுவிட உத்தேசம்.

"1957-இல் எங்கள் கல்யாணத்துக்கென்று புத்தம் புதிசாய் வாங்கினாராம், தம்பி! தலையிலேயே 1833 என்று போட்டிருக்கிறதே! கிழட்டுச் சாமானை வாங்கிவிட்டுப் புளுகுகிறாரே என்று ஐம்பது வருஷம் சண்டை போட்டேன்."

அது அமெரிக்காவில் நாசரேத் என்னும் ஊரில் செய்த மார்ட்டின் கிதார். 1833 என்பது கம்பெனி பிறந்த வருஷம். வாத்தியத்தின் வயதோ வயிற்றுக்குள் இருக்கிறது. 1898-இல், 8000-லிருந்து தொடங்கி, வரிசை எண் குத்தி வருகிறார்கள்.

டார்ச் அடித்து, கண்ணாடித் துண்டொன்றை ஓட்டைக்குள் நீட்டினேன். கழுத்து வந்து சேரும் கட்டையில் 00-18 என்ற ரகமும், கீழே ஆறு இலக்க எண்ணும் தெரிந்தன. கம்பெனிப் பட்டியலில் அந்த எண் 1956-ஆம் வருஷக் கணக்கில் வருகிறது.

பாட்டி வெகு நேரம் பேசவில்லை. "அப்போ, அவர் சொன்னது நிஜந்தானா?" என்றாள்.

பிறகு முந்தானையால் தூசியைத் துடைத்தாள். மறுநாள் விலை பேச வந்த ஆசாமியை வாசலோடு அனுப்பிவிட்டாள்.