பழகிய பிழையும் கோல்ஃப் மட்டையும்

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்குக் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வியக்கலாம். செல்வர்கள் பொழுது போக்கும் ஆட்டம் என்பதற்கு மேல் நமக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாதிருந்தது. அத்தனை பெரிய புல்வெளிக்கு ஊற்றப்படும் தண்ணீரைக் குறித்து நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அது வேறு பேச்சு. எனினும், உடலில் ஊறிப்போன ஒரு பிழையை மனிதர் எவ்வாறு களைகிறார் என்பதை ஒரு கோல்ஃப் திடலில்தான் கண்ணாரக் கண்டோம்.

அங்கு நம்மை அழைத்துச் சென்றவர், இஷாவுக்குப் பின் பெரியவர்களுக்கு நடக்கும் குர்ஆன் வகுப்பில் நம்மிடம் ஓத வருபவர். வயது 54. சென்னையின் ஒரு திடலில் 11 வயதில் கேடியாகச் சேர்ந்தவர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடப்பவரைக் கோல்ஃபில் ‘கேடி’ என்பர். நம் ஊரில் அச்சொல்லுக்கு உள்ள பொருளைச் சொல்லி அவரே சிரிப்பார். பிறர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்று, இன்று அதைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார். இந்திய கோல்ஃபில் இது புதுமையன்று. 1991-இலும் 1993-இலும் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து உயர்ந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பாவும் பெங்களூருவில் கேடியாகத் தொடங்கியவரே.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூரா புத்தகத்தைப் பார்த்துச் சிறுவயதில் மனனம் செய்தவர்களுக்குப் பொதுவாக உள்ள குறை அவருக்கும் இருந்தது. அரபியில் தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் ‘ஹா’ ஒன்று. தொண்டையின் அடியிலிருந்து வெறும் மூச்சாக வரும் ‘ஹா’ வேறொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஆகவே ‘அல்ஹம்து’வில் வரவேண்டிய ஹாவுக்குப் பதிலாக மற்ற ஹாவே அவர் நாவில் வந்துகொண்டிருந்தது. அவர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா ஓதுபவர். கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 தடவை. ஆண்டுக்கு 6,000-க்கு மேல். 40 ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் தடவை. இத்தனை முறை சொல்லியும் அந்த ஓர் எழுத்து அணுவளவும் திருந்தவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்துக.

நாம் திருத்தத் தொடங்கினோம். முதல் இரண்டு வாரங்கள் உற்சாகமாக இருந்தார். ஐந்தாம் வாரம் வகுப்பு முடிந்தும் எழாமல் அமர்ந்திருந்தார். “ஹஜ்ரத், முன்பு தவறாகவாவது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தக்பீர் கட்டியதும் நாக்கு நின்றுவிடுகிறது. ஃபாத்திஹாவை மூன்று தடவை தொடங்குகிறேன். நேற்று ஜமாஅத்தில் இமாம் ருகூவுக்குப் போய்விட்டார். நான் பாதியில் நிற்கிறேன். இந்த வயதில் இது எனக்கு வேண்டாமென்று தோன்றுகிறது” என்றார்.

ஃபாத்திஹாவில் ஓர் எழுத்து மாறினால் என்னாகும் என்பது அந்த மத்ஹபில் பெரிய பாடம். அவருடைய அச்சம் அங்கிருந்து பிறந்தது. கற்றுக்கொண்டிருப்பவருக்குரிய சலுகையை எடுத்துச் சொன்னோம். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்ற நபிமொழியையும் நினைவூட்டினோம். தலையசைத்தாரே தவிர, முகம் தெளியவில்லை. “உங்களிடம் ஆட்டம் கற்க வருபவர்களுக்கு இப்படி நேர்வதில்லையா, பாய்?” என்று கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஞாயிற்றுக்கிழமை பஜ்ர் தொழுதுவிட்டு என்னோடு வாருங்கள்” என்றார்.

அன்று அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் அதிகாரி. பல ஆண்டுகளாக ஆடுபவர். அவர் அடித்த பந்து நேரே புறப்பட்டு, பாதி வழியில் வலப்புறம் வளைந்து எங்கோ போய் விழுந்தது. இதை ‘ஸ்லைஸ்’ என்கிறார்கள். மட்டை வரும் பாதையோடு ஒப்பிட அதன் முகம் வலப்புறம் திறந்திருப்பதே இதற்குக் காரணம். காரணம் அறியாதவர் என்ன செய்கிறார்? பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கமாகத் திரும்பி நின்று குறிவைக்கிறார். அதனால் மட்டையின் பாதையும் இடப்புறம் சாய்கிறது. பாதைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் விரிகிறது. பந்து முன்னிலும் அதிகமாக வளைகிறது. அவர் இன்னும் சற்று இடப்புறம் திரும்பி நிற்கிறார். பிழைக்குப் பரிகாரம் தேடுவதாக எண்ணிக்கொண்டு பிழைக்கே தீனி போடுகிறார். ஒரு வாளிப் பந்துகளை வாங்கி நூறு தடவை இப்படி அடித்தால், நூறு தடவை பிழையாக அடிக்கும் பழக்கம்தான் கைக்கு ஏறும்.

அடிக்கும் கணத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண் அறிந்து கை திருத்த அது போதாது. எல்லாம் அதற்கு முன்பே, மட்டையைப் பிடித்த பிடியிலும் நின்ற நிலையிலும் முடிவாகிவிடுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட நூலில் முதல் பாடம் முழுவதையும் பிடிக்கே ஒதுக்கினார் என்று நம் நண்பர் சொன்னார்.

அவரும் பிடியிலிருந்தே தொடங்கினார். அதிகாரியின் இடக்கையைச் சற்று வலப்புறம் திருப்பி வைத்தார். குனிந்து பார்த்தால் விரல் கணுக்கள் இரண்டோ மூன்றோ தெரிய வேண்டுமாம். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அதிகாரி, “இது என் கை போலவே இல்லையே” என்று முகம் சுளித்தார். நமக்கும் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். ஜிப்பாவின் நீண்ட கையோடு போராடியபடி பிடித்துப் பார்த்தோம். பழைய பழக்கம் ஏதும் இல்லாத நமக்கு அந்தப் பிடி அப்படியொன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. பல ஆண்டுகள் ஆடியவருக்குத்தான் அது அந்நியமாக இருந்தது. இதைப் பிறகு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். கைக்கு வசதியாக இருப்பது சரியானது என்பதற்குச் சான்று அன்று. பழகியது என்பதற்கு மட்டுமே சான்று.

பின்னர் ஏழாம் எண் மட்டையால் அரைவீச்சு. இடுப்பளவு உயர்த்தி, அடித்து, மறுபுறம் இடுப்பளவில் நிறுத்த வேண்டும். பாதி வேகம். ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் இரண்டடி விலகி நின்று, பிடியை முற்றிலும் விட்டு, மீண்டும் புதிதாகப் பிடிக்க வேண்டும். அரை மணியில் நூறு பந்து அடித்துப் பழகியவர் அன்று ஒரு மணி நேரத்தில் 30 பந்துகளே அடித்தார். பந்து எங்கே விழுந்தது என்று நம் நண்பர் ஒருமுறையும் கேட்கவில்லை. “மட்டை எங்கே நின்றது?” என்று மட்டுமே கேட்டார். பந்துகள் தரையில் உருண்டன. சில இடப்புறம் பாய்ந்தன. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“இப்படி ஒன்றரை மாதம் போகும், ஹஜ்ரத். முன்பு அடித்த தூரத்தில் பாதிகூடப் போகாது. பழையது கையைவிட்டுப் போயிருக்கும். புதியது கைக்கு வந்திருக்காது. என்னிடம் வந்து விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் போனார்கள்” என்றார். சொல்லிவிட்டு, பேசாமல் சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

இந்த இடைவெளியைத் தாண்டியவர்களுள் அவர் அடிக்கடி குறிப்பிடுபவர் இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ. 1983-இல் ஐரோப்பியப் போட்டிகளின் பரிசுத்தொகைப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் அவர். வேறொருவராயின் அதோடு நிறைவடைந்திருப்பார். ஆனால் பெரிய போட்டிகளின் இறுதி நாள் நெருக்கடியில் தம் வீச்சு நிலைகுலைவதைக் கண்ட அவர், டேவிட் லெட்பெட்டர் என்ற பயிற்சியாளரிடம் சென்று வீச்சை அடியிலிருந்து மாற்றியமைத்தார். 1985-இலும் 1986-இலும் ஒரு பட்டமும் கிட்டவில்லை. 1987 ஜூலையில் ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டில் நடந்த ஓப்பன் போட்டியின் இறுதிச் சுற்றில், 18 குழிகளையும் அவற்றிற்கு விதித்த அடிகளின் எண்ணிக்கையிலேயே முடித்து, ஓர் அடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். ஒரு குழியிலும் கூடவில்லை. ஒரு குழியிலும் குறையவில்லை. பின்னர் மேலும் ஐந்து பெரும் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. நம்மைக் கவர்ந்தவை அந்தப் பட்டங்களல்ல. ஏதும் கிட்டாத அந்த இரண்டு ஆண்டுகள். பட்டியலில் முதலிடம் பெற்ற ஒருவர், தெரிந்தே தம்மைத் தொடக்கநிலை மாணவராக்கிக்கொள்வது எளிதன்று.

திடலிலிருந்து திரும்பும் வழியில், அவசரமாகத் தொழுத மனிதரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை அவரிடம் சொன்னோம். திரும்பிச் சென்று தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் அவரை மும்முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் அவர் முன்பு தொழுதது போலவே தொழுதார். இதைவிட அழகாகத் தமக்குத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று அவர் வேண்டிய பிறகே பாடம் தொடங்குகிறது. அந்தப் பாடத்தில் ருகூவில் நிலைகொள்வது, நிமிர்ந்து நேராக நிற்பது, ஸஜ்தாவில் நிலைகொள்வது என ஒவ்வொரு நிலையிலும் அமைதி வலியுறுத்தப்படுகிறது. நண்பர் உடனே, “அரைவீச்சு” என்றார். ஒப்புமை அந்த அளவுக்குப் போகலாமா என்று நாம் தயங்கினோம். ஆயினும் அவர் புரிந்துகொண்டார் என்பதில் ஐயமில்லை.

அவரிடமிருந்து நாம் பெற்ற பாடம் ஒன்றும் உண்டு. வீச்சு ஓரளவு அமைந்தபின் அவர் ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கித் தொடர்ந்து அடிக்க விடுவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் மட்டை மாற வேண்டும், இலக்கு மாற வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் பயிற்சித் திடலில் அற்புதமாக வருமாம். ஆட்டத்தில் ஒவ்வோர் அடியும் புதிது என்பதால் அங்கே கைவிட்டுவிடுமாம். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கைப்பயிற்சிகளை வைத்துச் செய்த சோதனையும் இதையே காட்டியது: வரிசையாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது சிறந்தார்கள், கலந்து பழகியவர்களோ பின்னர் சோதித்தபோது சிறந்தார்கள். ஹிஃப்ழ் மாணவர்கள் அன்றைய சபக்கை இருபது தடவை ஓதி மழைபோல் ஒப்பிப்பதும், ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தின் நடுவிலிருந்து ஓரிடத்தைக் கேட்டால் விழிப்பதும் உஸ்தாதுகள் அறிந்ததே. பழைய பாடத்தை ஆங்காங்கே இருந்து கேட்கும் நம் பெரியவர்களின் முறை வெறும் கண்டிப்பு என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்குப் பின் அவருடைய பாடத்தைச் சுருக்கினோம். இஷாவுக்குப் பின் பத்து நிமிடங்கள், ஒரே எழுத்து, பின்னர் அந்த எழுத்து வரும் ஒரே சொல். தொழுகையில் இயன்றதை ஓதிச் செல்ல வேண்டும், அங்கே நின்று சோதிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். போட்டி நாளில் பிடியை மாற்றாதே என்று தாமும் மாணவர்களிடம் சொல்வதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் சென்றிருக்கும். ஒருநாள் தும்மிவிட்டு, நம்மைப் பாராமலே ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார். ஹா தொண்டையின் நடுவிலிருந்து தெளிவாக வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நாமும் அன்று சொல்லவில்லை.

அந்த அதிகாரி ஆறாம் வாரம் வருவதை நிறுத்திவிட்டார். இப்போதும் இடப்புறம் திரும்பி நின்றுதான் அடிக்கிறாராம்.

நம் நண்பர் இப்போது ‘வலள்ளால்லீன்’ என்பதில் வரும் ளாத் எழுத்துக்கு வந்திருக்கிறார். நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொட்டுப் பிறக்கும் எழுத்து, அரபிகளையே சிரமப்படுத்துவது. மீண்டும் தடுமாறுகிறார். சென்ற வியாழன் இரவு பத்து தடவை சொன்னார். மூன்று சரியாக இருந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கோல்ஃப் ஆட்டக் குறிப்பு அட்டையை எடுத்து, தேதியிட்டு, மூன்று என்று எழுதிக்கொண்டார்.